அணைச்சாச்சு சார்

பதினோராவது தடவையாக ஈ-5 வந்தபோது பாஞ்சாலிக்கு அழுகை வரவில்லை. முதல் மூன்று தடவை வந்தது. அதற்கப்புறம் அழுகைக்கே அலுத்துவிட்டது.

நகல் இயந்திரத்தின் முகப்பில் அந்த ஈ-யும் ஐந்தும் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தன. அணைத்துப் போட்டாலும் போகாது. பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டினாலும் போகாது. அதையும் செய்து பார்த்தாகிவிட்டது. விற்ற கம்பெனியிலிருந்து ஆள் வந்து, பின்பக்க மூடியைக் கழற்றி, உள்ளே எங்கோ ஒரு பொத்தானை அமுக்கினால்தான் போகும். அதுவரை அது ஒரு மேஜை அளவு இடத்தை அடைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும்.

தண்டலத்துக்குப் பக்கத்தில், பெங்களூர் சாலையை ஒட்டி இருந்த தொழிற்சாலை அது. லாரிகளுக்கு ஸ்பிரிங் செய்தார்கள். ஆபீஸில் ஒன்பது பேர், நகல் இயந்திரம் ஒன்று. எந்தக் கம்பெனி செய்திருந்தாலும் ஜெராக்ஸ் என்று கூப்பிடுவதுதான் ஊர் வழக்கம் என்பதால் இதையும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். இது வேறு கம்பெனி. 1991 மார்ச்சில் அது வந்து இறங்கிய அன்றைக்கே நிர்வாக அதிகாரி பரசுராமன் ஒரு சர்க்குலர் தயார் செய்தார். இயந்திரத்தின் முதல் நகலே அந்தச் சர்க்குலர்தான். அதில் மூன்று விதிகள். ஒவ்வொரு முறை உபயோகித்த பின்னும் இயந்திரத்தை அணைக்க வேண்டும். பச்சை விளக்கு எரிந்துகொண்டிருப்பதைக் காண்பவர் யாராயினும் உடனே அணைக்க வேண்டும். பழுது ஏற்பட்டால், ஏற்பட்ட நேரத்தில் இயக்கியவரின் பெயரை நோட்டில் எழுத வேண்டும்.

எட்டுப் பேர் படித்தோம் என்று கையெழுத்துப் போட்டார்கள். ஜூனில் தற்காலிக டைப்பிஸ்டாகச் சேர்ந்த பாஞ்சாலியும் போட்டாள். ஒரு வித்தியாசம், அவள் படித்துவிட்டுப் போட்டாள்.

பரசுராமன் ஒரு நாளைக்கு நாலைந்து தடவை அந்தப் பக்கமாக நடப்பார். நடக்கிறபோதே, நிற்காமல், "அணைச்சாச்சா?" என்பார். யார் இயந்திரத்துக்கு அருகில் இருக்கிறார்களோ அவர்கள் "அணைச்சாச்சு சார்" என்பார்கள். கொள்முதல் பிரிவு வசந்தகுமார், இயந்திரம் பச்சை விளக்கோடு உறுமிக்கொண்டிருக்கும்போதே, அதன்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு "அணைச்சாச்சு சார்" என்று சொல்வான். பரசுராமனும் திருப்தியோடு போய்விடுவார். பாஞ்சாலி எழுந்து போய் அணைத்துவிட்டு வருவாள். விதி இரண்டு.

நோட்டில் பதினொரு வரிகள் இருந்தன. பதினொன்றிலும் பழுது: ஈ-5. பதினொன்றிலும் இயக்கியவர்: பாஞ்சாலி. எல்லாம் ஆயுத பூஜைக்கு அப்புறம், ஒரு மாதத்துக்குள்.

"உன் கையில ஏதோ கீது பாஞ்சாலி," என்றான் வசந்தகுமார். "எனக்கு ஒரு வாட்டி வந்துச்சா? லீலா மேடத்துக்கு வந்துச்சா? பூஜை அன்னிக்கு எல்லா மிஷினுக்கும் எலுமிச்சம்பழம் வெச்சாங்க, இதுக்கு மட்டும் பத்தாம போச்சு. நான் அப்பவே சொன்னேன்."

"எலுமிச்சம்பழம் இல்லாதது மிஷினுக்குத்தானே? அப்ப எல்லாருக்கும்தானே வரணும்?"

"அதான் சொல்றேன். உன் கை."

அன்று மதியம் பரசுராமன் அவளைக் கூப்பிட்டார். அவர் மேஜைமேல் ஒரு கோப்பு இருந்தது. உள்ளே சர்வீஸ் கம்பெனியின் பத்து ரசீதுகள், தேதிவாரியாக, ஓரம் கோணாமல் கோத்திருந்தன. பத்திலும் காரணம் என்ற இடத்தில் 'ஆபரேட்டர்' என்ற கட்டத்தில் டிக் அடித்திருந்தது. அன்றைய ரசீதும் வந்து சேர்ந்தால் பதினொன்று.

"உன்மேல எனக்கு எந்த வருத்தமும் இல்லம்மா," என்றார். உண்மையாகவே இல்லை. அவருக்கு யார்மேலும் எந்த வருத்தமும் இருந்ததில்லை. கோப்புகள் மட்டுமே இருந்தன. "நவம்பர் முப்பதோட உனக்கு ஆறு மாசம் முடியுது. நிரந்தரம் பண்றதா வேண்டாமான்னு நான் எழுதணும். இதை வெச்சுக்கிட்டு நான் என்ன எழுத முடியும்? நீயே சொல்லு."

பாஞ்சாலிக்கு நிரந்தரம் என்றால் ஒரு கதவு. கணவனை விட்டு வந்து இரண்டு வருஷமாக ஒரகடத்தில் அண்ணன் வீட்டில் இருந்தாள், ஐந்து வயது மகள் மதிவதனியோடு. அண்ணி ரஞ்சனி கெட்டவள் இல்லை. ஆனால் வீட்டில் இருந்தது சமையலறைக்கு வெளியே ஒரு பாய் அகல இடம். அண்ணி ஐந்து மணிக்கு அடுப்பு மூட்ட வருமுன் அந்தப் பாயைச் சுருட்டிவிட வேண்டும், அதில் தூங்குகிற பிள்ளையோடு சேர்த்து. தண்டலத்திலேயே சந்திரம்மாள் என்பவளின் ஒற்றை அறை வீடு ஒன்று காலியாக இருந்தது. உள்பக்கம் தாழ்ப்பாள் போட்ட கதவு. பாஞ்சாலி அதைப் போட்டுப் பார்த்துவிட்டே வந்திருந்தாள். "புருசன் இல்லாத பொம்பளைக்கு வூடு வுடுறதுன்னா யோசிக்கணும். கம்பெனியில பர்மனெண்ட்னு காயிதம் கொண்டா, சாவிய வாங்கிக்க. இந்த மாசம் வரைக்கும் யாருக்கும் வுடாம வெக்கிறேன்," என்றாள் சந்திரம்மாள். அவள் சொன்னதிலும் தப்பில்லை. தப்பெல்லாம் ஈ-5-இல்தான் இருந்தது.

சர்வீஸ் ஆள் பெயர் யாக்கோபு. முப்பது வயது இருக்கும். எப்போதும் பிற்பகல் இரண்டு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது கேட்டுக்குள் நுழைவான், முதுகு நனைந்து. பெட்டியைத் திறப்பான். மூடியைக் கழற்றுவான். உள்ளே இருந்த சூட்டு உருளையைச் சோதிப்பான். தாளில் விழுந்த மையை உருக்கி ஒட்டவைப்பது அந்த உருளைதான். அதன் விளக்கு, அதன் வெப்பம் பார்க்கும் முனை, கம்பிகள், எல்லாம் சரியாக இருக்கும். பொத்தானை அமுக்குவான். இயந்திரம் நல்ல பிள்ளையாகச் சூடேறிப் பச்சை விளக்கைக் காட்டும். இருபது நகல் எடுப்பான். இருபதும் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்.

"ஈ-5-ன்னா இன்னா சார்?" என்று அன்று கேட்டாள் பாஞ்சாலி.

"போட்டதுலேர்ந்து இவ்ளோ நேரத்துக்குள்ள உருளை சூடேறணும்னு ஒரு கணக்கு கீது. ஏறலன்னா, உள்ள ஏதோ கெட்டுப் போச்சு, பத்திக்கும்னு பயந்து அதுவே பூட்டிக்கும். அதான் ஈ-5."

"உள்ள இன்னா கெட்டுப் போச்சு?"

"ஒண்ணும் கெடல."

"அப்புறம் ஏன் ஆபரேட்டர்னு போடுறீங்க?"

யாக்கோபு ரசீதுப் புத்தகத்தை அவள் பக்கம் திருப்பிக் காட்டினான். காரணம் என்பதற்கு எதிரே மூன்று கட்டங்கள் அச்சாகியிருந்தன. உதிரி பாகம். தாள் அல்லது மை. ஆபரேட்டர். நாலாவது கட்டம் இல்லை.

"பார்ட் மாத்தல. பேப்பர் நல்லா கீது. இன்னா போடட்டும், நீங்களே சொல்லுங்க? கட்டம் அடிக்காம போனா ஆபீஸ்ல ரசீத வாங்க மாட்டாங்க."

பாஞ்சாலிக்கு அவன்மேல் கோபம் வந்தது. அவன் முதுகைப் பார்த்ததும் பாதி போய்விட்டது. "காலையிலேயே வந்தா உங்களுக்கு என்ன சார்? எப்பவும் ரெண்டு மணிக்கு வந்தா அது நல்லாத்தான் ஓடும். கெடுறது பத்தே முக்காலுக்கு."

"காலையிலயா? நான் ஸ்ரீபெரும்புதூர்ல கீறேன்மா. ஆறரை பஸ்ஸுல இந்தக் கேட்டத் தாண்டித்தான் தெனமும் போறேன். மவுண்ட் ரோடு போயி ஒம்பதரைக்குக் கையெழுத்துப் போடணும். அப்புறம் எந்த மிஷினுக்குப் போவணும்னு கால் சீட்டு வாங்கினு, திரும்ப பஸ் புடிச்சு இங்க வரணும். கையெழுத்து இல்லாம கால் இல்ல."

அதாவது, பக்கத்து ஊரில் இருந்த ஒருவன், அறுபது கிலோமீட்டருக்கு மேல் போய் வந்து, தினமும் கடந்து போகிற கேட்டுக்குள் நுழைந்தான். அவன் கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து, ஊருக்கு வெளியே இருந்த எந்த இயந்திரத்தையும் எந்த மெக்கானிக்கும் பகல் பன்னிரண்டுக்கு முன் பார்த்ததில்லை. பன்னிரண்டுக்கு முன் என்ன கெட்டாலும் அது ஆபரேட்டர்தான்.

அன்றிரவு பாயில் உட்கார்ந்து பாஞ்சாலி நோட்டில் பார்த்து எழுதிவந்த பதினொரு தேதிகளையும் காலண்டரில் தேடினாள். பார்த்துக்கொண்டே வந்தவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். திங்கள், புதன், வெள்ளி. திங்கள், புதன், வெள்ளி. ஒன்றுகூடச் செவ்வாய் இல்லை, வியாழன் இல்லை, சனி இல்லை.

மறுநாள் வசந்தகுமாரிடம் காட்டினாள். அவன் யோசிக்காமல் "ராகு காலம்" என்றான். பாஞ்சாலி காலண்டரைப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை பத்தரை முதல் பன்னிரண்டு, பொருந்தியது. திங்கட்கிழமை ஏழரை முதல் ஒன்பது. அப்போது இயந்திரம் இருந்த அறையையே திறந்திருக்க மாட்டார்கள். புதன்கிழமை பன்னிரண்டுக்கு மேல்தான். மூன்றில் ஒன்று.

"அப்ப எமகண்டம்," என்றான் வசந்தகுமார்.

அவனை நம்பிப் பயனில்லை என்று தெரிந்து நாலு மணிக்குத் தேநீர் குடிக்க கேண்டீனுக்குப் போனாள். செவ்வாய்க்கிழமை. தட்டில் சுண்டல் வைத்தாள் பாப்பம்மாள்.

"வடை இல்லியாக்கா?"

"இன்னா பாஞ்சாலி, புதுசா கேக்குற? திங்க, புதன், வெள்ளிதான் வடை. மத்த நாளு சுண்டல்," என்றாள் பாப்பம்மாள். "முன்னல்லாம் மாசத்துக்கு ஒரு வாட்டி. கல்லுல ஆட்டி எடுக்க முடியுமா இருநூறு பேருக்கு? பூஜைக்கு கிரைண்டர் வாங்கிக் குடுத்தாங்கல்ல, அதுக்கப்புறம்தான்."

மூலையில் அது இருந்தது. ஒரு ஆள் கட்டிப்பிடிக்க முடியாத பருமன். கழுத்தில் பூஜைக்குப் போட்ட மாலையின் நார் இன்னும் சுற்றியிருந்தது. இதற்கு எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள்.

"எத்தினி மணிக்குக்கா போடுவீங்க?"

"பத்தரைக்குப் போட்டா பன்னெண்டுக்கு எடுத்துருவேன். ஏன், உனுக்கு மாவு வேணுமா?"

பாஞ்சாலி சுண்டலைச் சாப்பிடாமலேயே எழுந்தாள். ஈ-5 வந்ததும் அதே கிழமைகளில், அதே நேரத்தில்தான். சாயங்காலம் கம்பெனி வேனை விட்டுவிட்டு, ஸ்ரீபெரும்புதூர் போய், சர்ச் தெருவில் விசாரித்து யாக்கோபு வீட்டைக் கண்டுபிடித்தாள்.

அவன் நம்பவில்லை. ஆனால் ஒரே பழுதுக்குப் பதினொரு தடவை போய் வந்தவன். அவனையும் மவுண்ட் ரோடில் கேட்க ஆரம்பித்திருந்தார்கள். புதன்கிழமை விடுப்பு சொல்லிவிட்டு, கட்டம் போட்ட சட்டையில், வோல்ட் பார்க்கும் மீட்டரையும் ஒரு திருப்புளியையும் மட்டும் ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு பத்தேகாலுக்கு வந்தான். நல்ல மழை.

"நான் வரல, தெரிதா?" என்றான் முதல் வார்த்தையாக. "நான் லீவுல கீறேன்."

பாஞ்சாலி வழக்கம்போலச் செய்தாள். ஒன்பதரைக்கு வசந்தகுமார் எரியவிட்டுப் போயிருந்த இயந்திரத்தை அவள் ஏற்கெனவே அணைத்திருந்தாள். பத்தேமுக்காலுக்கு பரசுராமன் பார்த்து அனுப்பிய தபால்களோடு வந்து போட்டாள். மேலே டியூப்லைட் பத்தரையிலிருந்தே மங்கியிருந்தது. யாக்கோபு மீட்டரைச் சொருகினான். நூற்று எழுபத்திரண்டு வோல்ட். இருநூற்று முப்பது இருக்க வேண்டிய இடம். பச்சை விளக்கு சிமிட்டிக்கொண்டே இருந்தது. பிறகு ஈ-5.

"அடிப்பாவி," என்றான் யாக்கோபு, இயந்திரத்தைப் பார்த்து, பாசமாக. "கிரைண்டரையும் இதையும் ஒரே லைன்ல போட்டுக்கினு கீறாங்க. ஆறிப்போன உருளை இந்தக் கரெண்டுல எப்படி ஏறும்? ஏற்கெனவே சூடா இருந்துச்சுன்னா தாங்கிக்கும். நீங்க அணைக்கிறதாலதான்மா வருது. ஏன் அணைச்சு அணைச்சுப் போடுறீங்க?"

"சர்க்குலர் சார்."

"மத்தவங்க?"

"அவங்க அணைக்க மாட்டாங்க."

யாக்கோபு இயந்திரத்தின் பின்பக்கம் குனிந்து பார்த்தான். பிறகு, "இதோட ஒரு ஸ்டெபிலைசர் குடுத்தமே, எங்க?" என்று கேட்டான்.

"எம்.டி. ரூம் ஏ.சி.க்கு."

அவன் அந்தப் பேச்சை அதோடு விட்டுவிட்டான். மூடியைக் கழற்றிப் பொத்தானை அமுக்கினான். இதை எழுதித் தர முடியுமா என்று அவள் கேட்டதற்கு முடியாது என்று தலையை ஆட்டினான். கால் சீட்டு இல்லாமல் ரசீது இல்லை. சீட்டோடு வந்தால் மணி இரண்டு. இரண்டு மணிக்கு கிரைண்டர் ஓடாது. ஓடாத கிரைண்டரைப் பார்த்ததாக அவன் எப்படி எழுதுவான்? தவிர, அதற்கும் கட்டம் இல்லை. பன்னிரண்டாவது ஈ-5 நோட்டில் ஏறவில்லை. ஒரு பழுதை எழுதாமல் விட்டது பாஞ்சாலிக்கு அன்று முழுவதும் உறுத்திக்கொண்டே இருந்தது. அப்படிப்பட்டவள்.

வியாழக்கிழமை அவள் பரசுராமனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். வடை, கிரைண்டர், வோல்ட், உருளை, எல்லாம். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"சரி. மத்தவங்க போடும்போது ஏன் வரல?"

"அவங்க அணைக்கறதில்ல சார். சூடாவே இருக்குது. அதனால வரல."

"அணைக்கறதில்லையா?" பரசுராமனின் முகம் முதல்முறையாக மாறியது. எட்டுப் பேரையும் கூப்பிட்டு நிற்க வைத்தார். "சர்க்குலர்படி மிஷினை அணைக்கிறீங்களா இல்லையா?"

"அணைக்கிறோம் சார்," என்றார்கள் எட்டுப் பேரும். வசந்தகுமார் கொஞ்சம் புண்பட்ட மாதிரிகூடச் சொன்னான். இருபது வருஷ சர்வீஸ் போட்ட லீலா மேடம் பாஞ்சாலியின் பக்கம் திரும்பாமல் சொன்னார்.

"பார்த்தியாம்மா?" என்றார் பரசுராமன், அவர்கள் போனதும். "எல்லாரும் அணைக்கிறாங்க. எல்லாருக்கும் அதே கிரைண்டர், அதே வடை. ஆனா உனக்கு மட்டும் வருது."

பாஞ்சாலிக்குக் காது சூடாகிவிட்டது. விதியைப் படித்தது அவள். விதிப்படி நடந்தது அவள். விதியைப் பொருட்படுத்தாத எட்டுப் பேர் சுத்தமாக இருந்தார்கள். ஒரு கணம், மேஜைமேல் இருந்த அந்தக் கோணாத கோப்பை எடுத்து ஜன்னல் வழியாக மழையில் எறிந்துவிடலாமா என்று தோன்றியது. எறிந்தால் சந்திரம்மாள் வீட்டுக் கதவையும் சேர்த்து எறிந்ததாகும். அவள் மூச்சை இழுத்துவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு, மிகவும் பணிவாகப் பேசினாள்.

"எம்மேலதான் தப்பு சார். நான் சரியா அணைக்கலையோ என்னமோ. சந்தேகமே வராத மாதிரி பண்ணிட்டா நல்லது. ஸ்விட்ச் போர்டுல அந்த மிஷினுக்குத் தனியா ஒரு பியூஸ் கட்டை இருக்குது. அதைப் புடுங்கி உங்க மேஜையில வெச்சிட்டீங்கன்னா, வேணுங்கறவங்க உங்களைக் கேட்டு வாங்கிட்டுப் போயி, சொருகி, காப்பி எடுத்துட்டு, திரும்ப உங்க கையில குடுக்கலாம். அப்ப அணைச்சாச்சான்னு நீங்க கேக்கவே வேண்டாம்."

பரசுராமன் அவளைப் புது மரியாதையோடு பார்த்தார். ஆறு மாதத்தில் அவருக்கு இவ்வளவு பிடித்த யோசனையை யாரும் சொன்னதில்லை. சனிக்கிழமையே இரண்டாவது சர்க்குலர் வந்துவிட்டது. ஒன்பது பேரும் கையெழுத்துப் போட்டார்கள். இந்த முறையும் ஒருத்திதான் படித்தாள். தன் வாக்கியம் அப்படியே வந்திருக்கிறதா என்று பார்ப்பதற்காக.

திங்கட்கிழமை பத்தேமுக்காலுக்கு, தபால் கட்டோடு பாஞ்சாலி பரசுராமன் மேஜைக்குப் போனபோது வசந்தகுமாரும் வந்தான். வெள்ளைப் பீங்கானில் செய்த அந்தப் பியூஸ் கட்டை, பேப்பர் பறக்காமல் இருக்க வைத்த கல்போல அங்கே உட்கார்ந்திருந்தது.

"நீங்க முதல்ல எடுத்துக்குங்க சார். எனக்கு அவசரமில்ல," என்றாள் பாஞ்சாலி.

ஐந்து நிமிஷம் கழித்து வசந்தகுமார் "ஏய்!" என்று கத்தியது கேட்டது. பாஞ்சாலி நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு போய் அவனிடம் நீட்டினாள். அவன் எழுதினான். இரண்டு மணிக்கு யாக்கோபு வந்தான், பொத்தானை அமுக்கினான், கட்டத்தில் டிக் அடித்தான். புதன்கிழமை லீலா மேடம். அவருக்கும் பாஞ்சாலி வழிவிட்டாள். அவர் நோட்டில் கையெழுத்துப் போடும்போது பாஞ்சாலியை நிமிர்ந்து பார்த்தார். இந்த முறை நன்றாகவே பார்த்தார். ஆனால் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் அதுவரை எப்படி வராமல் இருந்தது என்றும் சொல்ல வேண்டியிருக்கும்.

வெள்ளிக்கிழமை பத்தேமுக்காலுக்கு யாரும் பியூஸ் கட்டையைக் கேட்டு வரவில்லை. பரசுராமன் தாமே எடுத்துக்கொண்டு எழுந்தார். அவர் மகனுக்கு எஞ்சினியரிங் சீட்டுக்காகச் சான்றிதழ்கள் நகல் எடுக்க வேண்டியிருந்தது. ஊரெல்லாம் மழை. வெளியே கடைக்குப் போக அவருக்கு மனம் வரவில்லை.

அவர் கட்டையைச் சொருகுவதைப் பாஞ்சாலி தன் இடத்திலிருந்தே பார்த்தாள். டியூப்லைட் ஏற்கெனவே மங்கியிருந்தது. கேண்டீன் பக்கமிருந்து மெல்லக் கடகடவென்ற சத்தம் வந்தது. பச்சை விளக்கு சிமிட்டியது, சிமிட்டியது, நின்றது.

பரசுராமன் சிவப்பு எழுத்துகளைப் பார்த்தார். பியூஸ் கட்டையைப் பிடுங்கினார், மறுபடி சொருகினார். போகவில்லை. சுற்றிலும் பார்த்துவிட்டு, பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டினார். அதற்கும் போகவில்லை. அவர் திரும்பியபோது பாஞ்சாலி நோட்டோடு நின்றிருந்தாள்.

இவர் எழுத வேண்டிய கடிதத்தில்தான் அவள் வீடு இருந்தது. நோட்டை நீட்டாமல் திரும்பிப் போயிருக்கலாம். தன் பெயரையே போட்டுக்கொண்டிருக்கலாம். பதினொன்றோடு பன்னிரண்டாகப் போயிருக்கும், அவரும் சும்மா இருந்திருப்பார். ஆனால் விதி மூன்று தெளிவாக இருந்தது. அதை எழுதியவரும் அங்கேயே நின்றிருந்தார்.

"பேர் எழுதணும் சார்," என்றாள்.

பரசுராமன் பேனாவை வாங்கினார். பதினான்காவது வரியில், பழுது: ஈ-5, இயக்கியவர்: ச. பரசுராமன், நிர்வாக அதிகாரி என்று தம் அழகான கையெழுத்தில் எழுதினார். அந்த மனிதரிடம் ஒன்றைச் சொல்ல வேண்டும், பொய் எழுத அவருக்கும் தெரியாது.

யாக்கோபு அன்று ரசீதுப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தான். "இன்னா போடட்டும் சார்?" என்றான் கடைசியில்.

பரசுராமன் மூன்று கட்டங்களையும் படித்தார். "இதுல வேற கட்டம் இல்லையா?"

"இல்ல சார்."

"பிரிண்ட் பண்ணும்போது யாரும் யோசிக்கலையா?"

"தெரியாது சார்."

அவன் டிக் அடித்தான். அவர் கீழே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். கோப்பில் ஓரம் கோணாமல் கோத்தும் வைத்தார்.

அடுத்த வாரம் முழுவதும் இயந்திரத்தின் பக்கம் யாரும் போகவில்லை. கார்பன் தாள் வைத்து டைப் அடித்தார்கள். கிரைண்டரை வேறு நேரத்தில் போடுவதைப் பற்றி ஒரே ஒரு தடவை பேச்சு வந்தது. வடை நாலு மணிக்கு வராது என்று தெரிந்ததும் யூனியனிலிருந்து இரண்டு பேர் வந்து பரசுராமன் அறையில் நின்றுவிட்டுப் போனார்கள். ஸ்டெபிலைசரைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை. சர்க்குலரை ரத்து செய்வது என்பது பரசுராமனுக்குத் தோன்றியிருக்கவே முடியாது.

பாஞ்சாலி தூங்கவில்லை. எல்லோரையும் மாட்டிவிட்டாள், அதனால் தனக்கு என்ன ஆனது? அவள் பெயருக்கு எதிரே இருந்த பதினொன்று பதினொன்றாகவேதான் இருந்தது. பெரிய மனிதரை வேறு கையெழுத்துப் போட வைத்திருக்கிறாள். முப்பதாம் தேதி காலையில் பாயைச் சுருட்டும்போது, இனி வருஷக்கணக்கில் இதைத்தான் சுருட்ட வேண்டும் என்று அவளுக்கு நிச்சயமாகிவிட்டது. மதிவதனி தூக்கத்தில் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

மாலை நாலு மணிக்கு பரசுராமன் கூப்பிட்டார். ஒரு தாளை நீட்டினார்.

டைப் அடித்தது, கார்பன் பிரதி. பாஞ்சாலி நின்றபடியே படித்தாள். நகல் இயந்திரத்தின் ஈ-5 பழுது எந்த ஊழியருக்கும் நேரக்கூடியது என்பது பதிவேட்டிலிருந்து தெரியவருகிறது. இப்பழுதைக் கையாளுவதில் இந்த அலுவலகத்தில் மிக அதிக அனுபவம் (பதினொரு முறை) உள்ளவர் திருமதி பாஞ்சாலி ஒருவரே. எனவே அவரை டைப்பிஸ்ட் மற்றும் நகல் இயந்திரப் பொறுப்பாளராக நிரந்தரம் செய்யப் பரிந்துரைக்கப்படுகிறது. கீழே எம்.டி.யின் கையெழுத்து. அதற்கும் கீழே நிபந்தனை: ஒவ்வொரு முறை உபயோகித்த பின்னும் பொறுப்பாளர் இயந்திரத்தை அணைக்க வேண்டும்.

அவள் இரண்டாவது முறையும் படித்தாள். எழுத்துகள் கலங்கின. முதல் மூன்று ஈ-5-க்கு அப்புறம் வராமல் இருந்த அழுகை இப்போது வந்தது. பரசுராமன் அதைப் பார்க்காத மாதிரி மேஜைமேல் இருந்த பியூஸ் கட்டையை எடுத்து அவள் பக்கம் நகர்த்தினார்.

"இனிமே இது உன் பொறுப்பு," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சந்திரம்மாள் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். படிக்கத் தெரியாது, சீல் இருக்கிறதா என்று பார்த்தாள். சாவியைக் கொடுத்தாள். அன்றிரவு பாஞ்சாலி தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, ஆறரை மணி வரைக்கும் தூங்கினாள். பாய் விரித்தபடியே கிடந்தது.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்குப் பியூஸ் கட்டையைச் சொருகி இயந்திரத்தைப் போட்டாள். பச்சை விளக்கு வந்தது. நாலு நகல் எடுத்தாள். பிறகு அவள் கை, ஆறு மாதப் பழக்கத்தில், தானாக ஸ்விட்சுக்குப் போனது. அங்கேயே நின்றது. அணைக்காமல் திரும்பி வந்தது. அவளுக்கு வெட்கமாக இருந்தது; யாரோ பார்த்துவிட்ட மாதிரி இருந்தது. வசந்தகுமார் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். தன் டிபன் டப்பாவிலிருந்து ஒரு பாதாம் மிட்டாயை எடுத்து அவள் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனான். ஆறு மாதத்தில் முதல் தடவை.

பத்தரைக்கு டியூப்லைட் மங்கியது. கேண்டீனில் கிரைண்டர் கடகடவென்று ஓடத் தொடங்கியது. பத்தேமுக்காலுக்கு, சூடாக இருந்த இயந்திரம் எதையும் கவனிக்காமல் தபால்களின் நகல்களை ஒன்றன்பின் ஒன்றாக வெளியே தள்ளிக்கொண்டிருந்தது.

பரசுராமன் அந்தப் பக்கமாக நடந்து வந்தார். நிற்கவில்லை.

"அணைச்சாச்சா?"

பாஞ்சாலி எழுந்து, பச்சை விளக்குக்கு முன்னால் முதுகைக் காட்டி நின்றாள்.

"அணைச்சாச்சு சார்," என்றாள்.